ஒரு சொட்டும் குடிக்காதவன் எடுத்த பாடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருவனுடைய மூளைமேல் பொறாமை. அவன் அழகுமேல் இல்லை, ஃபோன்மேல் இல்லை, அவனுக்கு மெசேஜ் போடும் பெண்கள்மேல்கூட இல்லை. சரி, அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முக்கியமாக, அவன் மண்டைக்குள் கிடக்கும் அந்தச் சாமான்மேல்தான்.

அவன் மடவளை முஸ்லிம் பையன். அவனுடைய வாப்பாவுக்கு அங்கே பேக்கரி, பாண், பணிஸ் எல்லாம் போடுவார். நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். கம்பஸில் ஒரே பேட்ச், போர்டிங்கில் ஒரே அறை. பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் நோட்டை ஒருமுறை புரட்டுவான், கட்டிலில் விழுவான், குறட்டை விடுவான். அடுத்த நாள் போய்ப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, "லேசு மச்சான்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவான். நான் இரண்டு வாரம் மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்திருப்பேன். பரீட்சை ஹோலுக்குள் கால் வைத்ததும் பாதி ஆவியாகிவிடும். கோட்டின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கும்.

மூன்றாம் வருடம் வரைக்கும் இதை விதி என்று விட்டிருந்தேன். பிறகு மதுவும் மூளையும் என்று ஒரு பாடம் வந்தது. வயிற்றில் இருக்கும்போது மூளை எப்படிக் கட்டப்படுகிறது, தாய் குடித்தால் அந்தக் கட்டடத்துக்கு என்ன ஆகும், பதினைந்து பதினாறு வயதில் குடித்தால் என்ன, அறுபதில் குடித்தால் என்ன என்று வயது வயதாகப் பிரித்துப் படிப்பித்தார்கள். யோசித்து முடிவெடுக்கிற முன்பக்க மூளை இருபத்தைந்து வயதுபோல்தான் முழுதாகத் தேறுமாம். அதற்கு முன் அடிக்கடி ஊற்றினால் ஞாபகத்தைப் பதிக்கிற இடமும் அடிபடுமாம்.

நான் அங்கேயே விரல் மடித்து எண்ணினேன். பதினாறில் தோட்டத்துத் திருவிழா, தப்படிக்கிறவர்களுக்குப் பின்னால் நின்று ஒரு கிளாஸ். ஏ.எல். பரீட்சை முடிந்த கையோடு நண்பர்களோடு இரண்டு நாள். கம்பஸ் முதலாம் வருடம்... அதை எண்ண விரல் போதவில்லை. திரும்பி அவனைப் பார்த்தேன். அவனுக்கு எண்ண ஒன்றும் இல்லை.

"மச்சான், வாழ்க்கைல ஒரு தடவ? ஒரு சொட்டு?"

"இல்ல மச்சான்."

"மணந்துகூடப் பார்த்ததில்லையா?"

"மணந்தீக்கிறன். உன்ட வாயில."

என் மறதிக்கு அந்தக் கிளாஸ்கள்தான் காரணமா, இல்லை நான் பிறவிச் சோம்பேறியா என்று எந்தப் புத்தகமும் எனக்கென்று தனியாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அவனுடையது சீல் உடைக்காத மூளை, என்னுடையது செக்கன்ட் ஹேண்ட். அன்றிலிருந்து அவன் எதையாவது சட்டென்று ஞாபகப்படுத்திச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். பஸ் நம்பர் சொன்னாலும் எரியும்.

இந்த நிலைமையில் எங்கள் இருவருக்கும் ஒரே புரொஜெக்ட் விழுந்தது. அந்தப் பாடத்தை ஓர் ஊருக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். ஊரை நான்தான் சொன்னேன், எங்கள் தோட்டம். ஒரு காரணத்தைப் பாடம் எடுத்த மெடமிடம் சொன்னேன், அங்கே குடி அதிகம், தேவை இருக்கிறது என்று. மற்றதைச் சொல்லவில்லை. எங்கள் லயத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். ஆனால் வீட்டுக்குப் போனால் நான் சொல்கிற எதையும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "ஆமா, படிச்ச தொர வந்துட்டாரு" என்பாள் அக்கா. ஒரு தடவையாவது என் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, நான் பேசக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒத்திகையில் மெடமுக்கு முன்னால் நான் கலக்கினேன் என்றுதான் நினைத்தேன். முன்மூளைப் புறணி, நரம்புக் கலம், நச்சுத்தன்மை, எல்லாம் சுத்தத் தமிழில். பிறகு அவன் ஐந்து நிமிடம் ஏதோ கதைத்தான், மெடம் சிரித்தார். முடிவும் அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"நீங்க பேசினா பயமா இருக்கு. அவர் பேசட்டும். நீங்க சார்ட்டப் பிடிங்க."

சார்ட். என் தோட்டத்தில், என் சனத்துக்கு முன்னால், நான் சார்ட் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டும் குடிக்காதவன் குடியைப் பற்றிப் பாடம் எடுப்பான். அதை வாசித்துத் தேடி எழுதியவனும் நான், குடித்துப் பார்த்தவனும் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்டியில் பஸ் ஏறினேன். மடவளையில் அவன் ஏறினான், கையில் பெரிய பை நிறைய பணிஸ். வாப்பா கொடுத்துவிட்டாராம், பிள்ளைகளுக்கு. பை சூடாக இருந்தது, பஸ் முழுக்க மணந்தது. கொண்டக்டர் அவனிடம் மிச்சக் காசை மறக்காமல் கொடுத்தார். எனக்கு மறந்துவிட்டார். நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

வத்தேகமை தாண்டி, பன்விலை தாண்டி, மேலே ஏற ஏறக் குளிர். அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊர் ஷோக்கா ஈக்கி மச்சான்" என்றான். அவன் சொன்னதும் எனக்கு என் ஊர்மேலேயே கடுப்பு வந்தது.

வீட்டில் அம்மா வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

"வாங்க தம்பி, வாங்க. குளிருதா? உக்காருங்க. தம்பி, புதுச் சட்டி வாங்கித்தான் சமைச்சிருக்கேன். நம்ம வீட்டுச் சட்டி ஒங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோன்னு. முட்டையும் பருப்பும் கீரையும்தான், வேற ஒண்ணும் சேக்கல."

"ஐயோ அம்மா, ஏன் இந்த வேலயெல்லாம்."

"இருக்கட்டும் தம்பி."

இருபத்திரண்டு வருடமாக நான் அந்த வீட்டில் சாப்பிடுகிறேன். எனக்காக ஒரு கரண்டிகூடப் புதிதாக வந்ததில்லை.

அக்கா உள்ளே கட்டிலில் இருந்தாள். தலைப்பிரசவம் என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், பிள்ளை பிறந்து இருபத்தைந்து நாள். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, பிள்ளைப்பெற்றவளுக்குரிய எல்லாக் கட்டுப்பாட்டோடும் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னா, தொர சார்ட்டோட வந்திருக்காரு?" என்றாள். அவனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்து, "வாங்க தம்பி, புள்ளயப் பாருங்க" என்றாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிள்ளையைப் பார்த்தான். அதையும் அம்மா கவனித்தார். "பாத்தியா" என்று எனக்குக் கண்ணால் காட்டினார். நான் கழுவவில்லை.

கூட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஞாயிறு என்பதால் காலியாக இருந்தது. குட்டிக் குட்டிக் கதிரைகள். அவற்றில் முப்பது நாற்பது பெண்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஐந்தாறு பேர், கதவோரம், எந்நேரமும் ஓடத் தயாராக. அக்காவும் வந்தாள், ஓர் ஓரத்தில் துவாயைப் போர்த்திப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. நான் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தேன். என் முகம் சார்ட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

அவன் சார்ட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்கட ஊட்ல பேக்கரி ஈக்கி. நான் சின்ன வயசில இருந்து பாண் போடுறதப் பார்த்தவன். மூளையும் பாண் மாதிரித்தான். முதல்ல மாவக் குழைக்கிறது. அதுதான் பிள்ள வயித்துக்குள்ள ஈக்கிற நேரம். அந்த நேரம் உப்புக் கூடிப்போனா, பிறகு எடுக்கேலுமா?"

"எப்பிடித் தம்பி எடுக்கிறது? மாவோட கலந்துரும்ல" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருக்கும் அத்தை. வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"அதான். தாய் குடிக்கிறது பிள்ளைக்கும் போகும். பிறகு எடுக்கேலாது. அடுத்தது, போறணைக்குள்ள வேகிற நேரம். இளந்தாரி வயசு. வெளிய பார்த்தா செவந்து அழகா ஈக்கும். உள்ள வெந்திருக்காது. பாதியில போறணைக் கதவத் தொறந்தா?"

"அமுங்கிப் போவும்!"

"ஆ! பதினாறு வயசில குடிக்கிறவன்ட மண்ட அப்படித்தான். வெளிய மீச. உள்ள மா."

பிள்ளைக்காம்பரா அதிர்ந்தது. அத்தை திரும்பிக் கதவோரத்தில் நின்ற தன் மகனைப் பார்த்து, "கேட்டியா, உள்ள மாவு!" என்றார். மகன் தலையைச் சொறிந்தான். எனக்குச் சுட்டது. பேசிக்கொண்டிருந்தவனிடம் என் பதினாறு வயதுக் கதையைச் சொன்னவன் நான். அவன் என்னைப் பார்க்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஆனாலும் சார்ட்டுக்குப் பின்னால் என் காது சூடானது.

"வெந்த பாண்தானே, இனி ஒண்டும் ஆகாதுண்டு நினைக்க வாணாம். நாளுக்கு நாள் தண்ணியில ஊறினா வெந்த பாணும் கரையும். அது நடு வயசு. வயசு போன ஆக்கள் காஞ்ச பாண். கொஞ்சந் தண்ணி பட்டாலும் இழுத்துக்கும். அதே ஒரு கிளாஸ்தான், நாப்பது வயசில நடந்து வந்தவர் எழுபதுல விழுந்துதான் வருவார்."

"எங்க மாமனார் அப்பிடித்தான் தம்பி! அப்பல்லாம் அரப் போத்தல் குடிச்சிட்டுப் பாட்டுப் பாடுவாரு. இப்ப மூடியக் கழட்டுனாலே விழுகுறாரு!"

சிரிப்பு, கைதட்டல். ஒரு வருடம் நான் மண்டையை உடைத்துப் படித்ததை அவன் ஒரு பாணுக்குள் வைத்து ஷேப்பாக முடித்துவிட்டான். பிழை கண்டுபிடிக்கலாமா என்று கவனமாகக் கேட்டேன். கிடைக்கவில்லை. என் அம்மா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசும்போது அவர் கீரை ஆய்வார்.

பிறகுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அம்மா, அக்கா, யாரும் கோவிக்க வாணாம். பிள்ள வயித்துல ஈக்கக்குள்ள, இல்லாட்டி பால் குடுக்கக்குள்ள, இஞ்ச யாராவது குடிச்சீக்கீங்களா?"

ஒரு கைகூட எழவில்லை. அத்தை தாடையைத் தோளில் இடித்துக்கொண்டார்.

"ச்சீ, போங்க தம்பி. நாங்க குடிக்கிற ஆளுங்களா?"

"அப்ப நல்லம். முதல் மா சுத்தம்" என்று அவன் சந்தோசமாகச் சொன்னான்.

பிடித்துவிட்டேன். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பிள்ளைப்பெற்றவளுக்கு விடியக்காலையில் முட்டைக் கோப்பி கொடுப்பார்கள். முட்டையை அடித்து, சுடச்சுடக் கோப்பி ஊற்றி, மிளகு போட்டு, அதோடு இரண்டு மூடி பிராந்தி. உடம்பு இறுகும், குளிர் அண்டாது என்று நாற்பத்தொரு நாளைக்கு. இதை யாரும் குடி என்று எண்ணுவதில்லை. போத்தல்கூட ஆண்களுக்கு எட்டாமல், மருந்துத் தட்டில், தைலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் இருந்த உண்மையான பதில் அதுதான்.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். நான் சார்ட்டைக் கீழே வைத்தேன்.

"பொய்" என்றேன் சத்தமாக. "எல்லாருந்தான் குடிச்சிருக்கீங்க. முட்டைக் கோப்பியில ஊத்துறது என்னா, தண்ணியா? இந்தா, எங்க அக்கா இன்னைக்குக் காலையில குடிச்சிட்டுத்தான் வந்து உக்காந்து பால் குடுக்கறா."

அக்காவின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அவன் முழிப்பதை, தடுமாறுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. முழித்தான். என் வாழ்க்கையிலேயே இனிப்பான நிமிடம் அது.

பிறகு அம்மா எழுந்தார்.

"டேய். அது மருந்துடா."

"மருந்துன்னா உள்ள இருக்கறது மாறிருமா?"

"அப்பிடியா? அப்ப அந்த அரப் போத்தல கண்டியிலருந்து வாங்கியாந்தது யாருடா? தொரையா வாங்கியாந்தாரு?"

பிள்ளைக்காம்பரா வெடித்தது. பாண் கதைக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. கதவோரத்து ஆண்கள் விசில் அடித்தார்கள்.

ஆமாம். நான்தான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அம்மா ஃபோன் எடுத்து, டவுனில் நல்லதாகப் பார்த்து வாங்கி வா என்றார். நானும் வாங்கினேன், இந்தப் புரொஜெக்ட்டுக்காக எழுதிய குறிப்புகள் இருந்த அதே பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பால் கொடுக்கும் தாய்மார் பற்றி ஒரு முழுப் பக்கம் அதில் நானே எழுதியிருந்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போத்தல் என் மண்டையிலும் தைலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

சிரிப்புக்கு நடுவில்தான் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. துவாயை இழுத்துப் பிள்ளையை மூடி, மார்பிலிருந்து எடுத்துவிட்டாள். பிள்ளை கத்தியது. அவள் மறுபடி கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு குட்டிக் கதிரையை இழுத்துப்போட்டு அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"எனக்கு இது தெரியா அம்மா. நான் கேட்ட விதம் பிழை. அந்தக் கோப்பி எப்படிப் போடுறீங்க? செல்லித்தாங்க."

அத்தை சொன்னார். ஒவ்வொருத்தியும் சொன்னாள். ஒருத்தி இஞ்சி என்றாள், ஒருத்தி கருப்பட்டி என்றாள், சண்டையே வந்தது. அவன் கடைசியில், "முட்ட ஈக்கட்டும், மிளகு ஈக்கட்டும், சூடு ஈக்கட்டும். அத மட்டும் விட்டுட்டுப் பாருங்களேன்" என்றான். ஐந்தாறு பேர் தலையாட்டினார்கள். அவனுடைய பிழையும் அவனுக்குத்தான் லாபமாக முடிந்தது. எனக்கு அழுகை வருகிற அளவுக்கு எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா அவனைக் கூப்பிட்டாள். பிள்ளை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் மூன்றடி தள்ளிக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"தம்பி, வயித்துல இருக்கறப்ப நா தொடல. சத்தியமா. இந்த இருவது நாளாத்தான். புள்ளைக்கு எதாச்சும் ஆயிருக்குமா? இப்ப பால் குடுக்கலாமா, கூடாதா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"எனக்குச் சரியாத் தெரியா அக்கா. அந்தப் பகுதி இவன்தான் வாசிச்சது. இவனுக்குத் தெரியும். செல்லு மச்சான்."

"அவன்கிட்ட நா கேக்கல" என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவன் ஞாபகத்தில் இல்லாத ஒன்று என் ஞாபகத்தில் இருந்தது. மூன்று நிறக் கோடுகளும் ஒழுங்காக நினைவுக்கு வந்தன. நான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தாயின் இரத்தத்தில் எவ்வளவோ அவ்வளவுதான் பாலிலும் இருக்கும். இரத்தத்திலிருந்து இறங்கும்போது பாலிலிருந்தும் இறங்கிவிடும், அங்கே தேங்கி நிற்காது. காலையில் குடித்தது இந்நேரம் போயிருக்கும். இப்போது கொடுக்கலாம். இவ்வளவு சின்ன அளவுக்குப் பயந்து சாகத் தேவையில்லை, இன்றோடு நிறுத்தினால் சரி. பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். பஞ்சு வைத்திருந்தாலும் கேட்கும். ஆனால் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் விளங்கிவிட்டது. நான் சொன்னதை ஒன்று விடாமல், அதே வரிசையில், திரும்பச் சொன்னான். ஒரு தடவை கேட்டதை அப்படியே. அந்த நாசமாய்ப்போன மூளை.

"இப்ப குடுக்கலாம்ல?" என்று அவனிடம் இன்னொரு முறை கேட்டாள்.

"குடுங்க அக்கா."

அவன் வெளியே வந்தான். உள்ளே பிள்ளையின் கத்தல் நின்றது. ஐந்து மணி பஸ்ஸுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவன், "நீ செல்லாட்டி எனக்கு அது தெரிய வந்தீக்காது மச்சான்" என்றான். நல்லவன் மாதிரி வேறு பேசுகிறான். நான் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அன்று வீட்டில் தங்கினேன். விடியக்காலை அம்மா முட்டையை அடிக்கும் சத்தத்தில் எழும்பினேன். எழுந்துபோய்ப் பார்த்தேன். முட்டை, மிளகு, கோப்பி. மருந்துத் தட்டில் தைலம் மட்டும் இருந்தது. போத்தலைக் காணவில்லை.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வெறும் முட்ட நாத்தம்மா. கொமட்டுது."

"அம்மா, கொஞ்சம் இஞ்சி போட்டா நாத்தம் தெரியாது" என்றேன் நான்.

இருவரும் திரும்பவில்லை.

"மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி" என்றார் அம்மா. "அந்தத் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கில்ல."

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும்.